நடுவானில் அவசரநிலை: விமானக் குழுவும் தரைப் பணியாளர்களும் எதை, எந்த வரிசையில் செய்கிறார்கள்

2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம், ஹைட்ராலிக் (சக்கரம், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருச்சி வட்டாரத்து வானில் சுற்றிக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சிகள் நேரலை ஓட்டின. உள்ளே இருந்த சுமார் 140 பயணிகளின் வீட்டார் பதறிப்போனார்கள். இரவு எட்டேகால் மணியளவில் விமானம் பத்திரமாக இறங்கியது. "கோளாறு என்று தெரிந்ததும் ஏன் உடனே இறக்கவில்லை?" என்பதுதான் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி.

உடனே இறக்கியிருந்தால்தான் ஆபத்து கூடியிருக்கும். விமானத்தில் வரும் அவசரநிலைகளைத் தொழில் தெரிந்தவர்கள் முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். தீ, புகை, கேபின் காற்றழுத்த இழப்பு, மூச்சுப்பேச்சில்லாத பயணி ஆகியவை ஒரு வகை; இவற்றில் ஒவ்வொரு நொடிக்கும் விலை உண்டு. ஹைட்ராலிக் கோளாறு, சக்கரம் இறங்காதது, ஒரு இன்ஜின் அடங்கிப்போனது ஆகியவை இன்னொரு வகை. இவற்றில் பதற்றம்தான் ஆளைக் கொல்லும். கையில் இருப்பது எந்த வகை என்று முதல் சில நிமிடங்களுக்குள் சரியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விமான விபத்து விசாரணைகளைப் புரட்டினால், இந்தப் பிரிப்பில் தவறியதால் போன உயிர்கள் ஏராளம். விமானத் துறையில் வேலைக்குச் சேருகிறவர்களையும், நடப்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் பயணிகளையும் மனதில் வைத்து, அந்த வேலை நடக்கும் வரிசையிலேயே கீழே விளக்குகிறோம்.

விமானி அறையில் முதல் நிமிடங்கள்

முதல் விதி, விமானத்தை ஒருவர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில், முன் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. குழு முழுவதும் அந்த விளக்கிலேயே மூழ்கிவிட்டது. தானியங்கி விமானி உயரத்தைப் பிடிக்காமல் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. நல்ல நிலையில் இருந்த விமானம் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். அதனால்தான் எச்சரிக்கை மணி அடித்ததும் கேப்டன் முதலில் சொல்வது, யார் ஓட்டுகிறார், யார் கோளாறைப் பார்க்கிறார் என்பதை. ஓட்டுகிறவர் உயரம், வேகம், திசை மூன்றை மட்டும் கவனிப்பார். மற்றவர் எச்சரிக்கையை வாய்விட்டுப் படிப்பார்.

இரண்டாவது, மனப்பாடமாகச் செய்ய வேண்டிய வேலைகள். புத்தகத்தைத் திறக்க நேரமில்லாத சில நிலைமைகளுக்கு மட்டுமே இவை உண்டு. போயிங் 737 இன்ஜினில் தீ எச்சரிக்கை வந்தால் வரிசை இது: தானியங்கி உந்துவிசையைத் துண்டிப்பது, அந்த இன்ஜினின் உந்துவிசை நெம்புகோலை முழுவதும் பின்னால் இழுப்பது, ஸ்டார்ட் நெம்புகோலை இறக்கி எரிபொருளை நிறுத்துவது, தீ கைப்பிடியை மேலே இழுப்பது. தீ எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் கைப்பிடியைத் திருகி முதல் தீயணைப்புக் குப்பியைத் திறக்க வேண்டும். 30 நொடி கழித்தும் விளக்கு எரிந்தால் எதிர்ப்புறம் திருகி இரண்டாவது குப்பி. அதற்கு மேல் குப்பி கிடையாது.

இதில் நெம்புகோல், ஸ்டார்ட் நெம்புகோல், தீ கைப்பிடி ஒவ்வொன்றிலும் கை வைத்ததும் நிறுத்தி, "இதுதானே?" என்று கேட்டு, மற்ற விமானி பார்த்து உறுதி சொன்ன பிறகே அசைக்க வேண்டும். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே, பழுதான இன்ஜின் இருக்க நன்றாக ஓடிய இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ் ஏசியா விமானத்திலும் அதே தவறு நடந்து 43 பேர் பலியானார்கள். இரண்டு இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினில் தாராளமாகப் பறக்கும். கிளம்பும்போது இன்ஜின் தீப்பிடித்தாலும், குறைந்தது 400 அடி உயரம் ஏறும்வரை எந்தக் கைப்பிடியையும் தொடக்கூடாது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கும் விதிக்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் விமானத்தை நேராக ஏற்றுவதுதான் முழு வேலை.

அடுத்து சரிபார்ப்புப் பட்டியல். ஒருவர் படிக்க, இருவரும் செய்ய, ஒவ்வொரு வரியும் முடிந்ததாகச் சொல்லப்படும். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் 32, ஏ380 ரக விமானத்தில் இரண்டாம் எண் இன்ஜின் வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. திரையில் வந்த எச்சரிக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முடிக்கவே அந்தக் குழுவுக்கு 50 நிமிடம் போல ஆனது. அவர்கள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைச் சுற்றியபடி அதைப் பொறுமையாகச் செய்தார்கள். 469 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

இனி வானொலி. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் "மே டே" மூன்று முறை. அவசரம்தான், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் "பான் பான்" மூன்று முறை. பிறகு விமானத்தின் அழைப்புப் பெயர், என்ன கோளாறு, என்ன செய்ய உத்தேசம், இருக்கும் இடமும் உயரமும், உள்ளே எத்தனை உயிர்கள், எத்தனை மணி நேர எரிபொருள், சரக்கறையில் ஆபத்தான பொருள் ஏதேனும் உண்டா. விமானத்தின் அடையாள எண்ணை ரேடாருக்கு அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7700 போட்டால் ரேடார் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். வானொலி செயலிழந்தால் 7600, கடத்தல் என்றால் 7500.

இந்த வார்த்தைகளைச் சொல்லக் கூச்சப்படும் விமானிகள் இன்றும் இருக்கிறார்கள். விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கம். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நெருங்கிய அவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் குறைகிறது என்றார்கள். அவசரநிலை என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. கட்டுப்பாட்டு அறையின் காதில் விழுந்தது இன்னொரு அவசரக்காரரின் கோரிக்கை மட்டுமே. "மே டே" சொன்ன பிறகு நிலைமை சரியாகிவிட்டால் அதைத் திரும்பப் பெறலாம். சொல்லாமல் விட்டதைத் திருத்த வழியில்லை.

கடைசியாகக் கேபினுக்குத் தகவல். மூத்த பணியாளரை இண்டர்காமில் அழைத்துக் கேப்டன் நான்கு விஷயம் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிடம் இருக்கிறது, தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா. கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இருவரும் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். "இன்னும் 12 நிமிடம்" என்றால் அந்த 12 நிமிடத்தில் கேபினை முழுவதும் தயார்படுத்த முடியாது. எதை விடுவது என்று அப்போதே முடிவெடுக்க வேண்டும்.

சுற்றிச் சுற்றிப் பறப்பதன் கணக்கு

போயிங் 737-800 சுமார் 79 டன் எடையோடு கிளம்பலாம். இறங்கும்போது 66 டன்னை ஒட்டி இருக்க வேண்டும். ஷார்ஜாவரை போக நிரப்பிய எரிபொருளோடு கிளம்பிய சில நிமிடங்களில் திரும்பினால் எடை அதிகம். இந்த ரகத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி கிடையாது; 777, 747, ஏ380 போன்ற பெரிய விமானங்களில்தான் உண்டு. ஆகவே எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் இறங்குவதற்குப் பதில் 150 கடல் மைல் வேகத்தில் இறங்கினால் ஆற்றல் சுமார் 15 சதவீதம் அதிகம், எடையால் வருவது தனி. ஹைட்ராலிக் போன நிலையில் இறக்கையின் மேல் எழும் ஸ்பாய்லர், இன்ஜினின் எதிர் உந்துவிசை, பிரேக் இவற்றில் எது முழுதாக வேலை செய்யும் என்பது எந்த அமைப்பு போனது என்பதைப் பொறுத்தது. திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். வேகம் அதிகம், நிறுத்தும் சக்தி குறைவு, ஓடுபாதை அளவானது என்ற மூன்றும் சேர்ந்தால் முடிவு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

சுற்றும் நேரம் வீணாவதும் இல்லை. 737-ல் ஏ, பி, உதவி அமைப்பு என மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. ஏ போனால் சக்கரத்தைக் கையால் இறக்க வேண்டும்: விமானி அறையின் தரையில் ஒரு சிறு மூடியைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள், மூக்குச் சக்கரத்துக்கு ஒன்று, இடம் வலத்துக்கு ஒவ்வொன்று. இழுத்தால் பூட்டு விடுபட்டுச் சக்கரம் தன் எடையாலேயே விழும். அப்படி இறக்கிய சக்கரத்தை மீண்டும் ஏற்ற முடியாது. இறங்க முடியாமல் மேலேறினால் சக்கரம் தொங்கியபடியே பறக்க வேண்டும். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். அதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். பி போனால், இறங்கும்போது இறக்கையின் விளிம்பில் நீளும் பிளாப்பை மின்மோட்டாரால் இறக்க வேண்டும். அது நிமிடக் கணக்கில் இழுக்கும். இறங்கிய பிறகு மூக்குச் சக்கரம் திரும்பாமல் விமானம் ஓடுபாதையிலேயே நின்றுவிடலாம். ஒரே ஓடுபாதை உள்ள ஊரில், பின்னால் வரும் விமானங்களை முன்பே வேறு ஊருக்குத் திருப்பவும், இழுவை வண்டியைத் தயாராக நிறுத்தவும் தரைப் பணியாளர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் உதவும்.

அதே விமானத்தில் புகை வந்திருந்தால் எடையை யாரும் பார்க்க மாட்டார்கள். எடை அதிகமோ இல்லையோ, கிட்டத்து ஓடுபாதையில் இறக்கிவிடுவார்கள்.

தீயும் புகையும்

கேபின் பணியாளர்களின் பயிற்சியில் அதிக நேரம் எடுக்கும் பாடம் இது. 1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ் ஏர் 111 விமானத்தில் முதல் வாசனை வந்ததிலிருந்து கடலில் விழுந்தது வரை சுமார் 21 நிமிடம்தான். ஆகவே "எங்கேயோ கருகுகிறதே" என்று பணியாளர் சொன்னதும் விமானி அறை திசை திருப்பத் தயாராக வேண்டும். காரணம் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

தீயைக் கண்டவரே தீயணைப்பவர். இரண்டாமவர் விமானி அறைக்குத் தகவல் சொல்கிறவர். இடம், நிறம், அடர்த்தி, வாசனை நான்கையும் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்றாமவர் கூடுதல் சிலிண்டர்களைக் கொண்டுவந்து, பயணிகளை நகர்த்தி, தீயணைப்பவர் களைத்தால் இடம் மாறுவார். இந்த மூன்று பங்கும் பிரியாவிட்டால் எல்லோரும் தீயிடம் ஓடுவார்கள், கேப்டனுக்கு ஒன்றும் தெரியாது.

கழிவறைக் கதவுக்குப் பின்னால் புகை என்றால், புறங்கையால் கதவைக் கீழிருந்து மேலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை வெந்துபோனால் அதற்குப் பிறகு எதையும் பிடிக்க முடியாது. சூடாக இருந்தால் கதவை அகலத் திறக்கக் கூடாது. புது ஆக்சிஜன் உள்ளே பாய்ந்து தீ முகத்தில் அடிக்கும். புகை முகமூடியை மாட்டிக்கொண்டு (அது சுமார் 15 நிமிடம் தாங்கும்), கதவுக்குப் பின்னால் குனிந்து, சிலிண்டரின் முனை நுழையும் அளவு மட்டும் திறந்து, ஹாலோன் வாயுவை அடித்து, உடனே மூட வேண்டும். கைச் சிலிண்டர் பத்து நொடி அளவே பீய்ச்சும். சிறிது நேரம் கழித்து மீண்டும் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்த சிலிண்டர். அணைந்த பிறகும் ஒருவர் அங்கேயே காவல்.

1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 விமானத்தில் கழிவறைப் பக்கம் கிளம்பிய புகை, சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் பரவியது. சின்சினாட்டியில் விமானம் இறங்கியும் விட்டது. பணியாளர்கள் ஈரத் துண்டு கொடுத்து மூக்கை மூடச் சொல்லியிருந்தார்கள். கதவுகள் திறந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கேபின் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. கழிவறைகளில் புகை உணர்கருவியும், நடைபாதையின் அடியில் வழிகாட்டும் விளக்குகளும் வந்தது அதற்குப் பிறகுதான். புகை மேலே நிற்கும்; கீழே குனிந்தால் மூச்சும் கிடைக்கும், அந்த விளக்கும் தெரியும்.

இன்றைய பெரும் தலைவலி பவர் பேங்க். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் ஏ321 விமானத்தின் மேல் பெட்டியில் தொடங்கிய தீ கூரையைத் தின்றுவிட்டது; உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். லித்தியம் பேட்டரித் தீயை அணைக்கும் முறை மற்றத் தீக்களிலிருந்து வேறு:

1. அருகில் இருப்பவர்களை நகர்த்திவிட்டு, சுடர் தெரிந்தால் ஹாலோன் அடிக்கவும். இது சுடரை மட்டுமே அணைக்கும். உள்ளே சூடு அப்படியே இருக்கும்.
2. சார்ஜ் போட்டிருந்தால் இருக்கை மின்சாரத்தைத் துண்டிக்கவும்.
3. தண்ணீர் ஊற்றவும். தண்ணீர் போதாவிட்டால் ஜூஸ், சோடா, ஆறிய தேநீர் எதுவானாலும் சரி, மது மட்டும் கூடாது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பவர் பேங்கில் பல செல்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று வெந்து பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், அணைந்தது மீண்டும் வெடிப்பது இதனால்தான்.
4. பனிக்கட்டியால் மூடக்கூடாது, கம்பளியால் சுற்றக்கூடாது. இரண்டும் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.
5. புகையோ சீறலோ இருக்கும்வரை தூக்கக் கூடாது. 10, 15 நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மூழ்கடித்து, அசையாத இடத்தில் வைத்து, தரையிறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கவும்.

நாலாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. கைக்கு எட்டும் தூரத்தில் ஐஸ் பெட்டி இருப்பதால் கை தானாக அங்கே போகும்.

பயணிகளுக்கு இதில் இரண்டு வேலை. பவர் பேங்கைப் பதிவுப் பெட்டியில் போடக்கூடாது. சரக்கறையில் பற்றினால் யாரும் தண்ணீர் ஊற்ற முடியாது. பொதுவான வரம்பு 100 வாட் மணி, 3.7 வோல்ட் கணக்கில் 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் மணி, 27,000 வரம்பைத் தொட்டுவிடும். இன்னொன்று, கைபேசி இருக்கைக்கு இடையில் விழுந்தால் மோட்டார் இருக்கையை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடவும். நசுங்கிய பேட்டரி அங்கேயே பற்றும்.

காற்றழுத்தம் போனால்

35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்க முடிவது 30 முதல் 60 நொடி. எனவே விமானிகள் வேறு எதையும் தொடுவதற்கு முன் தங்கள் முகமூடியை மாட்டுவார்கள். பிறகு 10,000 அடிக்கோ, மலைப்பகுதி என்றால் அங்கு பாதுகாப்பான உயரத்துக்கோ வேகமாக இறக்குவார்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் சுமார் 14,000 அடி உயரத்துக்குச் சமமாகக் குறைந்ததும் முகமூடிகள் விழும். இழுத்தால்தான் ஆக்சிஜன் உருவாகும். பல விமானங்களில் சுமார் 12 நிமிடம் வரும். பை ஊதாவிட்டாலும் ஆக்சிஜன் வருகிறது. அந்த உற்பத்திக் கருவி கடுமையாகச் சூடாவதால் தூசி கருகும் வாசனை வரும். தீ என்று கத்த வேண்டாம். பணியாளர்கள் கிட்டத்து முகமூடியைப் பிடித்துக் கிடைத்த இருக்கையில் உட்கார வேண்டும், யார் மடியானாலும் சரி. விமானம் சமநிலைக்கு வந்த பிறகே எழுந்து உதவி.

2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522 விமானத்தில் அழுத்தக் கட்டுப்பாட்டுச் சுவிட்ச் கைமுறையில் விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலியை வேறு எச்சரிக்கை என்று விமானிகள் எடுத்துக்கொண்டு, முகமூடி மாட்டாமலே காரணம் தேடினார்கள். 121 பேரும் இறந்தார்கள்.

பயணி சரிந்து விழுந்தால்

எண்ணிக்கையில் மிக அதிகமாக வருவது மருத்துவ அவசரம். 2013-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 604 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ உதவி தேவைப்பட்டது. அதில் 37 சதவீதம் மயக்கம் அல்லது மயக்கம் வரும்போன்ற நிலை. விமானம் திசை திரும்பியது 7.3 சதவீதத்தில் மட்டுமே. கேபினுக்குள் காற்று 6,000 முதல் 8,000 அடி மலை உச்சிக்குச் சமம். வெறும் வயிறு, தண்ணீர் குறைவு, நெடுநேரம் உட்கார்ந்த கால் எல்லாம் சேர்ந்தால் எழுந்ததும் தலை சுற்றும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலோர் சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள்.

அசைவும் சரியான மூச்சும் இல்லை என்றால் கதை வேறு. இருக்கையில் வைத்து நெஞ்சை அழுத்துவது பலன் தராது. உணவு தயாரிக்கும் பகுதியின் அருகிலோ நடைபாதையிலோ தரையில் கிடத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். களைத்த கை ஆழமாக அழுத்தாது. இதய அதிர்வுக் கருவி வந்ததும் ஒட்டிவிட்டு அது சொல்வதைச் செய்ய வேண்டும். வியர்த்திருந்தால் மார்பைத் துடைத்த பிறகே ஒட்டவும், ஈரத்தில் ஒட்டாது.

இதற்கிடையில் விமானி அறை தரையில் உள்ள மருத்துவரைச் செயற்கைக்கோள் தொலைபேசியிலோ வானொலியிலோ பிடிக்கும். வயது, நாடி, மூச்சு, நினைவு, முன்பிருந்த நோய், சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுப்பது பணியாளரின் வேலை. வாய்வழியாகப் போனால் எண்கள் மாறிவிடும். எங்கே இறக்குவது என்பது தூரத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வங்காள விரிகுடாவின் மேல் மாரடைப்பு என்றால், மிக அருகில் போர்ட் பிளேர் இருக்கலாம். அந்த நேரத்தில் நிலையம் திறந்திருக்கிறதா, இந்த அளவு விமானத்துக்குப் படிக்கட்டு உண்டா, அடைப்பு நீக்கும் மருத்துவமனை எத்தனை நிமிடத்தில் என்ற கேள்விகளுக்கெல்லாம் விமான நிறுவனத்தின் செயல்பாட்டு மையம் விடை தேடித் தர வேண்டும். சில நேரம் இன்னும் அரை மணி பறப்பதே நோயாளிக்கு நல்லது.

கோபுரமும் தீயணைப்பு நிலையமும்

"மே டே" கேட்ட கட்டுப்பாட்டாளர் கேட்டதாக ஒப்புக்கொள்வார், மற்ற விமானங்களை விலக்குவார், அந்த அலைவரிசையில் மற்றவர்களை அமைதியாக்குவார், மேலதிகாரிக்கும் தீயணைப்புக்கும் சொல்வார், கேட்ட உதவியைத் தருவார், பிறகு விமானிகளுக்கு நேரம் விடுவார். இந்தக் கடைசி வேலைதான் கடினம். சரிபார்ப்புப் பட்டியலின் நடுவே "எத்தனை பயணிகள்?" என்று மூன்று தடவை கேட்பது உதவி ஆகாது.

இந்திய விமான நிலையங்களில் நிலைமைக்கு ஏற்ப "லோக்கல் ஸ்டாண்ட்பை" அல்லது "ஃபுல் எமர்ஜென்சி" அறிவிப்பார்கள். முன்னதில் நிலையத்தின் சொந்த வண்டிகள் மட்டும் தயார் நிலைக்கு வரும். பின்னதில் நகரத் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மருத்துவமனை, போலீஸ் எல்லாம் நகரும். இது தரையின் தயார்நிலை மட்டுமே. விமானிகள் "மே டே" சொல்லாமலும் இதை அறிவிக்கலாம். செய்திகளில் இந்த அறிவிப்பும் விமானிகளின் "மே டே"யும் அடிக்கடி குழம்புகின்றன.

சர்வதேச விதிப்படி தீயணைப்பு வண்டி ஓடுபாதையின் எந்த முனைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும்; இலக்கு 2 நிமிடம். விமானத்தின் அளவைப் பொறுத்து வகுத்த தீயணைப்பு வகைகளில் 737-800 போன்ற விமானம் ஏழாம் வகை: குறைந்தது இரண்டு வண்டிகள், 'பி' எனத் தரம் பிரித்த தீயணைப்பு நுரைக்கு 12,100 லிட்டர் தண்ணீர், நிமிடத்துக்கு 5,300 லிட்டர் பீய்ச்சும் திறன். முன்கூட்டியே தெரிந்த அவசரம் என்றால் வண்டிகள் ஓடுபாதையோரம் குறித்த இடங்களில் காத்திருக்கும், விமானம் கடந்ததும் பின்னால் ஓடும். தீயணைப்புத் தலைவர் விமானி அறையோடு நேரடி அலைவரிசையில் பேசுவார். வயிற்றுப் பகுதியிலிருந்து புகை வருகிறதா, எந்தப் பக்கம் எரிபொருள் ஒழுகுகிறது என்பதெல்லாம் விமானிக்குத் தெரியாது. அவர் கண் இவர்தான்.

சூடான பிரேக்கை அணுகும்போது முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ போக வேண்டும், அச்சின் பக்கவாட்டிலிருந்து ஒருபோதும் கூடாது. சக்கரம் வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் பறக்கும். நின்று பல நிமிடம் கழித்தே வெப்பம் உச்சத்துக்கு வரும் என்பதால் "நின்றுவிட்டது, ஆபத்தில்லை" என்று நினைக்க முடியாது. நுரைக்குள் மனிதர் கிடக்கலாம் என்பதையும் ஓட்டுநர் மறக்கக் கூடாது. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விபத்தில், நுரையால் மூடப்பட்டுக் கிடந்த ஒரு பயணிமீது தீயணைப்பு வண்டிகள் ஏறின.

வெளியேற்றுவதா, உட்காரவைப்பதா

நின்ற விமானத்தில் கேப்டன் எடுக்கும் மிகப் பெரிய முடிவு இது. 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்தில் சவுதியா 163 எரிந்தபடியே பத்திரமாக இறங்கியது. ஆனால் ஓடுபாதையிலிருந்து திரும்பி மெதுவாக நகர்ந்து நின்றது, இன்ஜின்கள் சில நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தன, யாரும் வெளியேறவில்லை. 301 பேரும் உள்ளேயே இறந்தார்கள்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய குவான்டாஸ் 32 இதற்கு நேர் எதிர். இடது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது, பிரேக்குகள் தகித்தன, முதல் இன்ஜின் நிறுத்தவே முடியாமல் ஓடியது. கதவுகளில் காற்று ஊதி விரியும் அவசரச் சறுக்குகளை விரித்திருந்தால் நானூறுக்கும் மேற்பட்டோர் எரிபொருள் தேங்கிய தரையில், ஓடும் இன்ஜின் பக்கத்தில் இறங்கியிருப்பார்கள். தீயணைப்பாளர் நுரையால் கசிவை மூடினார்கள். கேப்டன் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரே கதவில் படிக்கட்டு வைத்து இறக்கினார். அந்த இன்ஜினை நுரை அடித்து அடக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு கேப்டன்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நொடியில் எங்கே ஆபத்து அதிகம், உள்ளேயா வெளியேயா?

வெளியேற்றம் என்று முடிவானால் விமானிகள் இன்ஜின்களை நிறுத்தித் தீ கைப்பிடிகளை இழுத்த பிறகே கட்டளை வரும். கேபினில் நடப்பது:

ஒவ்வொரு முறை இறங்கும்போதும், தன் இருக்கையில் பட்டை மாட்டி உட்கார்ந்திருக்கும் பணியாளர் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பார்: என் கதவு எப்படித் திறக்கும், எந்தப் பயணி வலுவானவர், யாருக்கு உதவி தேவை. கட்டளை கிடைத்ததும் முதலில் கதவுச் சன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும். தீ, இன்ஜின், தண்ணீர், உடைந்த பாகம் எதுவும் இல்லை என்றால் சறுக்கு தயார்நிலையில் இருக்கிறதா என்று பார்த்துத் திறக்க வேண்டும். உடனே ஒரு கை சுவரில் உள்ள பிடியில். இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் கூட்டம் பணியாளரையே தள்ளிவிடும். மறு கை சிவப்புக் கைப்பிடியை இழுக்கும், தானாக ஊதத் தொடங்கியிருந்தாலும் சரி. சறுக்கு முழுதாக ஊத ஆறு முதல் பத்து நொடி. அதுவரை யாரையும் விடக்கூடாது. ஊதாவிட்டாலோ காற்று அதைத் திருப்பிப் போட்டாலோ, கதவைத் தன் உடலால் மறித்து வேறு வாசலுக்கு அனுப்ப வேண்டும்.

விமானங்களுக்குச் சான்று கொடுக்கும் சோதனை, பாதி வாசல்களோடு இருட்டில் 90 நொடிக்குள் எல்லோரும் வெளியே வர வேண்டும் என்பது. நிஜத்தில் அப்படி அமைவது அரிது. 2024 ஜனவரி 2 அன்று ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 ஓடுபாதையில் கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதியது. அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை; பணியாளர்கள் கையொலிபெருக்கியாலும் தொண்டையாலும் கத்தினார்கள். எட்டு வாசலில் மூன்றையே பயன்படுத்த முடிந்தது. பின்பக்கப் பணியாளர்களால் விமானி அறையைத் தொடர்பு கொள்ள முடியாததால் தாங்களே முடிவெடுத்துக் கதவைத் திறந்தார்கள். அந்த அதிகாரம் பயிற்சியிலேயே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மோதியதிலிருந்து கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கும்வரை சுமார் 18 நிமிடம். 379 பேரும் பிழைத்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை. பெட்டியை எடுக்கக் கை தூக்கும் ஒவ்வொருவரும் பின்னால் நிற்பவர்களின் நொடிகளைச் செலவழிக்கிறார்கள். பெட்டியின் கூர்முனை சறுக்கைக் கிழித்தால் அந்த வாசலே போய்விடும். இதைப் பயணிகளிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இறங்கியவர்களைக் காற்று வரும் திசையில், குறைந்தது 100 மீட்டர் தள்ளிக் கூட்ட வேண்டும். ஓடுபாதைப் பக்கம் சிதற விடக்கூடாது.

தரையில் தொடரும் வேலை

தலை எண்ணுவதுதான் முதல் வேலை. ஏறியவர் பட்டியல், மடியில் உட்கார்ந்த குழந்தைகள், பணியாளர்கள், விருந்தினராகப் பறந்த ஊழியர்கள் எல்லாம் சேர்த்து எண் பொருந்தும்வரை தேடுதல் நிற்காது. கைக்குழந்தைகள் பட்டியலில் தனிக் கணக்காக இருப்பதால் எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் அங்கேதான். காயம்பட்டவர்களுக்கு வண்ணச் சீட்டு: உடனே போக வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கலாம் என்பவருக்கு மஞ்சள், நடக்க முடிந்தவருக்குப் பச்சை. எந்த ஆம்புலன்ஸில் யார் எந்த மருத்துவமனைக்குப் போனார் என்று எழுதி வைப்பதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்த வேண்டும். இதைச் செய்யாத இடங்களில், குடும்பத்தினர் இரவு முழுவதும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைவார்கள். உறவினருக்குத் தனி அறை, குடிநீர், பட்டியலைச் சரிபார்த்துப் பேசும் ஒரே ஆள். பத்திரிகைக்காரர்களுக்கு வேறு வாசல்.

கோளாறோடு இறங்கிய விமானத்தில் பொறியாளர் முதலில் செய்ய வேண்டியது, விமானி அறை ஒலிப்பதிவுக் கருவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுவது. பல விமானங்களில் அது கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். மின்சாரம் ஓடினால் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். 2024 ஜனவரி 5 அன்று கதவு அடைப்பு (பயன்படுத்தாத கதவின் இடத்தை மூடியிருந்த பலகை) பிய்த்துக்கொண்டு போன அலாஸ்கா 1282 விமானம் பத்திரமாகப் போர்ட்லண்டில் இறங்கியது. பிரேக்கரை உரிய நேரத்தில் யாரும் இழுக்கவில்லை. நடந்ததைச் சொல்லக்கூடிய ஒலிப்பதிவு முழுவதும் அழிந்துபோனது. பிரேக்கரை இழுத்ததையும், இழுத்த நேரத்தையும் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். குழுவினரை அன்றே பணிப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் பேசிக் கதையைச் சரிசெய்துகொள்வதற்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தம் அறிக்கையை எழுத அறையும் நேரமும் கொடுக்க வேண்டும்.